இரண்டரைப் பட்டை

மூன்றாவது கண்ணாடிக் கவரும் விழுந்துவிட்டது என்று பிரேமினி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், முட்டி இரண்டும் தேய்ந்துபோனவனுக்குக் கெட்ட செய்தியை நின்றுகொண்டு கேட்பது தனித் தண்டனை. கீழே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தேன்.

பின்னால் போன யாரோ ஒருவரின் கார் கேமரா எடுத்த படம். சுபாங் ஜெயாவைத் தாண்டும் நெடுஞ்சாலை. எங்கள் வெள்ளை மோட்டார்ஹோம் ஒழுங்காகத்தான் போகிறது. திடீரென்று அதன் இடது பக்கக் கண்ணாடியிலிருந்து கறுப்பாக ஏதோ கழன்று பறக்கிறது. தரையில் இரண்டு முறை குதிக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள்காரரின் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து ஓரத்துக்கு உருண்டு போகிறது. அவர் இரண்டு ஆட்டம் ஆடி, சமாளித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

“அந்த ஆளு விழுந்திருந்தா என்ன அங்கிள் ஆயிருக்கும்?” என்றார் பிரேமினி. கேள்விக்குப் பதில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானை அடுத்த தெலுக் பங்லிமா காராங்கில், தொழிற்சாலை வரிசை முடிகிற மூலையில் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஆறு மோட்டார்ஹோம்கள். பெரிய வேனுக்குள் அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் வைத்திருப்பார்கள். குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது. முதலாளி பிரேமினி. பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா, அப்பா எல்லாருக்கும் அரசாங்க உத்தியோகம். இவர் மட்டும் வங்கி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். எதையும் வரிசைப்படி எழுதி வைத்துத்தான் செய்வார். வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். ரிப்பேர் பார்க்க ராதாகிருஷ்ணனாகிய நான். கழுவித் துடைக்க புஷ்பவல்லி.

இந்த வண்டியை வாடகைக்கு எடுப்பவர்களில் பாதிப் பேருக்கு அதன் அகலம் தெரியாது. சின்னக் கார் ஓட்டிப் பழகிய கையோடு ஏறி உட்காருவார்கள். டோல் சாவடித் தூண், பெட்ரோல் நிலையத்துச் சுவர், மலாய்க் கிராமத்து ரோட்டோர மரம் என்று எதிர்ப்பட்ட எல்லாவற்றுக்கும் பக்கக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யானைக் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி அது. ஒன்று உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வந்து சேர ஆறு வாரம். அதுவரை வண்டி கொட்டகையில் தூங்கும். அதனால்தான் பிரேமினி இந்தக் கவர்களைத் தருவித்தார். கண்ணாடியின் முதுகில் மாட்டுகிற கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் ஓடு. எங்கேயாவது உரசினால் ஓடு அடி வாங்கும், கண்ணாடி பிழைத்துக்கொள்ளும்.

மாட்டுவது என் வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் ஒட்டாமல் வைத்துப் பார்க்க வேண்டும். சிக்னல் விளக்கை மறைக்கக் கூடாது, கண்ணாடியை மடக்கும்போது இடிக்கக் கூடாது. பிறகு கண்ணாடியின் முதுகை சோப்புப் போட்டுக் கழுவி, ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பத்து நிமிஷம் காய விட வேண்டும். கவரின் உள்ளே நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு டேப் இருக்கும். அதற்கு முடி உலர்த்துகிற மெஷினால் லேசாகச் சூடு காட்டி, தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே போய், சுற்றியுள்ள கொக்கிகளை டக்கென்று மாட்ட வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டியை நகர்த்தவும் கூடாது, தண்ணீர் படவும் கூடாது. இத்தனையையும் நான் ஒழுங்காகத்தான் செய்தேன். கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் பண்ணியிருப்பேன்.

இங்கே வருவதற்கு முன் முப்பத்தொரு வருஷம் கிள்ளானில் லோரிப் பட்டறையில் இருந்தேன். அங்கே டேப்பும் கிடையாது, முடி உலர்த்துகிற மெஷினும் கிடையாது. எல்லாம் நட்டும் போல்ட்டும்தான். பட்டறைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போன பிறகு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். ‘இந்த வயசுல யாருண்ணே எடுப்பாங்க’ என்று பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். பிரேமினி எடுத்தார். அந்த எட்டு மாதம் மறுபடி வந்துவிடுமோ என்று இன்றைக்கும் பயம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் வாயைத் திறந்ததற்கு அதுதான் காரணம். நியாயம் இல்லை, காரணம்.

பட்டறை எனக்குக் கொடுத்தது இரண்டு. ஒன்று, வலது கை மோதிர விரலில் பாதி போனது. ஃபேன் பெல்ட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னொன்று, சாமி கும்பிடாமல் வேலையைத் தொடங்காத பழக்கம். இங்கேயும் கொட்டகையின் இடதுபக்கத் தூணில் ஒரு முருகன் படத்தை மாட்டி, கீழே ஒரு திருநீற்றுத் தட்டும் வைத்திருக்கிறேன். கழுவுவது, துடைப்பதெல்லாம் எனக்கு வேலைக் கணக்கில் சேராது. ஒட்டுவதுதான் வேலை. ஒட்டுகிற நாளில் ஆல்கஹால் காய்கிற பத்து நிமிஷத்தில் போய்க் கும்பிட்டு, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வருவேன். விரல் பாதி இல்லாததால் கீழ்ப் பட்டை மட்டும் நெற்றியின் நடுவிலேயே நின்றுவிடும்.

“என்னாண்ணே, முருகன் இன்னிக்கும் ரெண்டரைதான் குடுத்தாரா?” என்பாள் புஷ்பவல்லி. ஏழு மாதமாகத் தினமும் இதே கேலி. நான் கோபப்படுகிற மாதிரி, “ஒன் வாளியப் பாரு புஷ்பம்” என்பேன். அவள் சிரித்துக்கொண்டே போவாள். காலையில் அது இல்லாவிட்டால் எனக்கு நாள் தொடங்கின மாதிரி இருக்காது.

ஐம்பது வயது அவளுக்கு. வீட்டுக்காரர் ஜெயராஜுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி மதியம் கிள்ளானில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்தால் கால் நிற்காது அவருக்கு. ஒரு ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். வீடோ இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. புஷ்பவல்லி மதியம் போய் அவரைக் கொண்டுவிட்டு வந்து வேலை பார்ப்பாள், சாயந்திரம் போய் ஏற்றிக்கொண்டு போவாள். வாரத்தில் மூன்று நாள் இப்படி இரண்டு தடவை வெளியே போகிறவளை எந்த முதலாளி வைத்திருப்பார்? பிரேமினி வைத்திருந்தார். இந்த வேலை போனால் இப்படி ஒன்று தனக்கு எங்கேயும் கிடைக்காது என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்தப் படத்தைக் காட்டிய அன்றைக்குப் பிரேமினி கொட்டகை நடுவில் நின்றபடி சொன்னார். “நீங்க ஒழுங்கா ஒட்டலன்னு நான் சொல்லல அங்கிள். ஆனா எங்கயோ மிஸ்டேக் இருக்கு. மூணு தடவையும் லெஃப்ட் சைடு. இன்னொன்னு விழுந்து யாராச்சும் செத்துட்டா, என் வாழ்நாள் முழுக்க எனக்குத் தூக்கம் இல்ல. யாரு தப்புன்னு எனக்கு இன்னிக்கே தெரியணும்.”

விழுந்த மூன்றும் ரோட்டிலேயே போய்விட்டன. எடுத்துப் பார்க்கக் கையில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த எட்டு மாதம் ஞாபகம் வந்தது. முட்டி வலித்தது. கொட்டகையின் அந்தக் கோடியில் புஷ்பவல்லி வண்டிக் கூரையிலிருந்து தண்ணீரை வழித்துக்கொண்டிருந்தாள்.

“ஒட்டுறதுல தப்பு இல்ல மேடம்,” என்றேன். “அடியில மெழுகு இருந்தா எந்த டேப்பும் ஒட்டாது. பாலிஷ் போடுற ஆளக் கேளுங்க.”

பிரேமினி புஷ்பவல்லியைக் கூப்பிட்டார். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், தன்னை யாரோ வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி முழித்தாள்.

“நான் கண்ணாடில பாலிஷ் போடறதே இல்ல மேடம். அண்ணே அப்பவே சொல்லிட்டாரு, மெழுகு படக் கூடாதுன்னு. ரொட்டிப் பையக் கண்ணாடில மாட்டிக் கட்டிட்டுத்தான் பாலிஷ் டப்பாவையே தொறக்குறேன். அண்ணே பாத்திருக்காரு. கேளுங்க லா.”

பிரேமினி என்னைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தீங்களா அங்கிள்?”

பார்த்திருக்கிறேன். ஒரு நாள் இல்லை, தினமும். காலியான ரொட்டிப் பைகளை வீட்டிலிருந்து கழுவிக் காயவைத்துக் கொண்டுவருவாள். இரண்டு கண்ணாடிக்கும் குல்லா போட்டு, ரப்பர் பேண்டால் கட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன்.

“எப்பவாச்சும் கட்டும்,” என்றேன். “எப்பவும் கட்டுச்சான்னு எனக்குத் தெரியாது மேடம்.”

நான் சொன்னது பொய் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு ஆளை எப்போதும் யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வார்த்தையை எடை போட்டுத்தான் போட்டேன். அதுதான் அதில் இருந்த கேவலம்.

 புஷ்பவல்லி என்னைப் பார்த்தாள். பிரேமினி, “சாரிக்கா, என்னால ரிஸ்க் எடுக்க முடியாது” என்று இங்கிலீஷும் தமிழுமாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போய் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டாள். ஆணியில் தொங்கிய ரொட்டிப் பைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, தன் பழைய காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் கழுவுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பிரேமினி ஆள் தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கிற வரைக்கும் நான். ஆறு வண்டி. முட்டி போட்டுச் சக்கரம் தேய்த்து எழுந்தால் கண் இருட்டும். பாலிஷ் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இடது பக்கக் கவர்கள் எல்லாவற்றையும், புதிது வாங்கி, நானே மறுபடி ஒட்டினேன். சோப்பு நான், ஆல்கஹால் நான், சூடு நான், எல்லாம் நான். ஆல்கஹால் காய்கிற நேரத்தில் தூணடிக்குப் போய், இனி ஒன்றும் விழக் கூடாது முருகா என்று கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டேன். பூசிக்கொண்டு திரும்பினால் ரெண்டரையைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனால் சாப்பிடக்கூடத் தெம்பிருக்காது. என் மனைவி சீதாலெட்சுமி தட்டை வைத்துவிட்டு, “அந்தப் பொம்பளைய ஏன் நிறுத்துனாங்க?” என்று ஒரு நாள் கேட்டாள். “வேல சரியில்ல” என்றேன். தட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

பதினாறாம் நாள், ஒரு வியாழக்கிழமை மதியம், ஸ்ரீ கெம்பாங்கான்காரர் ஒருவர் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார். சாவியைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, லெஃப்ட் மிரர்ல என்னமோ லூசா ஆடுதுண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவர் ஒரே ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தால் அதுவும் பறந்திருக்கும். கழற்றினேன். ஓரங்களில் டேப் நன்றாகத்தான் பிடித்திருந்தது; உரிக்கும்போது முரண்டு பண்ணியது. நடுவில்தான் பிடிக்கவே இல்லை. வெயில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தேன்.

கறுப்பு டேப்பின் பசைமேல் சாம்பல் நிறத்தில் மூன்று கோடு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று. கீழ்க் கோடு பாதியில் நின்றிருந்தது.

எவ்வளவு நேரம் வெயிலில் நின்றேனோ தெரியாது. நெற்றியில் பூசிக்கொண்டு திரும்பும்போது தூணுக்குப் பக்கத்தில் முதலில் கைக்கு எட்டுவது இடது கண்ணாடி. விரலில் மிச்சம் இருக்கும் திருநீற்றை வண்டிக்கும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். முப்பத்தொரு வருஷமாக லோரிகளுக்குச் செய்தது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் திருநீறு ஒன்றும் செய்யாது. வெள்ளைக் கண்ணாடி முதுகில் வெள்ளைத் திருநீறு என் கண்ணுக்கும் தெரியாது. ஆல்கஹால் போட்டு அவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் நானே பொடியைத் தூவி, அதன்மேல் டேப்பை அழுத்தி அழுத்தி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொட்டகையில் யாரும் இல்லை. பிரேமினி பிரிக்பீல்ட்ஸில் இருந்தார், அன்றைக்கு வரமாட்டார். டேப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது டேப் வைத்து, கையைக் கழுவிவிட்டு ஒட்டினால் முடிந்தது. மற்ற இடது கவர்களையும் அப்படியே மாற்றிவிடலாம். இனி எதுவும் விழாது. ‘பார்த்தீங்களா மேடம், மெழுகுதான் காரணம்’ என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். சுரண்டுகிற தகட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை.

கீழ்க் கோட்டில் கை வைக்க முடியவில்லை. தகட்டைப் போட்டுவிட்டு, கவரை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐந்து மணிக்குக் கிள்ளானுக்குப் போனேன்.

இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றேன். ஜெயராஜ்தான் கதவைத் திறந்தார். ஒல்லியான மனுஷன், இன்னும் ஒல்லியாகியிருந்தார். வலது புருவத்துக்கு மேலே புதிதாக நாலு தையல்.

“வாங்கண்ணே, வாங்க. ராதாகிருஷ்ணண்ணன்தானே? ரெண்டரைன்னு சொல்லுவா,” என்று சிரித்தார். “அவ இன்னும் வர்ல. சுபாங் ஜெயால ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்ல கிளீனிங். காலைல ஆறுக்கே போயிருவா, வர ஏழாயிரும்.”

“நெத்தில என்ன?”

“மாடிப்படில விழுந்துட்டேன்ணே. போன வாரம். டயாலிசிஸ் முடிச்சிட்டுத் தனியா வந்தேன், கால் மடங்கிருச்சி. பெருசா ஒண்ணுமில்ல.”

எனக்கு ஒரு கிளாஸ் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. அவருக்குத் தண்ணீர் அளவுதான். ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். என்னைப் பற்றி அவள் வீட்டில் நல்லதாகவே சொல்லியிருந்தாள். வேலை ஏன் போனது என்று மட்டும் சொல்லவில்லை. ஆள் குறைப்பு என்று சொல்லியிருந்தாள். “மேடம் நல்லவங்கதான், என்னா பண்றது, பிஸ்னஸ் டல்” என்றார். நான் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தேன்.

ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது புஷ்பவல்லி வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் செருப்பைக் கழற்றி, ஜெயராஜின் நெற்றித் தையலை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவரோரம் தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். நான் பையிலிருந்து கவரை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரல் வைக்காமல் அந்த மூன்று கோட்டையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

“எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும் புஷ்பம். சத்தியமா,” என்றேன்.

“திருநீறு இன்னிக்குத் தெரிஞ்சிருக்கும்ணே,” என்றாள். குரலில் கோபம் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்புதான் இருந்தது. “ரொட்டிப் பை அன்னிக்கே தெரியும் இல்ல?”

ஜெயராஜ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐஸ் கட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“தெரியும்,” என்றேன். “தெரிஞ்சிதான் சொன்னேன். என் வேலை போயிரும்னு பயந்துட்டேன். மன்னிச்சிரும்மா.”

“மேடம்கிட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். முதலில் அவளிடம் வந்தது நேர்மையினால் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தக் கேள்விக்கப்புறம்தான் எனக்கே புரிந்தது. பரவால்லண்ணே, போனது போச்சு என்று அவள் சொல்லிவிடுவாள், பிரேமினியிடம் போகத் தேவையிருக்காது என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது.

“எங்கிட்ட சொல்லி என்னாண்ணே ஆவப்போவுது?” என்றாள். “எந்த எடத்துல வச்சி சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க.” கவரை எடுத்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். பிறகு எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பிரேமினி வருவதற்கு முன்பே போய்க் காத்திருந்தேன். உட்காராமல் நின்றேன். கவரைக் காட்டி, தூணைக் காட்டி, விரலைக் காட்டிச் சொன்னேன். திருநீற்றுக் கதையைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். ரொட்டிப் பையைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

“டெய்லி கட்டுனாங்களா? டெய்லி பாத்தீங்களா?”

“டெய்லி பாத்தேன் மேடம்.”

“அன்னிக்கு நான் ஸ்ட்ரெயிட்டாக் கேட்டேனே அங்கிள். உங்கள நம்பித்தானே அவங்கள அனுப்புனேன்?”

“ஆமா மேடம்.”

அவர் கவரை வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அந்த நேரத்தில் நான் வேலை போய்விட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன். சீதாலெட்சுமியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஆச்சரியமாக, பயம் வரவில்லை. அசதிதான் இருந்தது, பெட்டியை இறக்கி வைத்த பிறகு வருகிற மாதிரி.

“நீங்க இருங்க,” என்றார் கடைசியில். “திருநீறுக்காக உங்கள அனுப்ப மாட்டேன். இன்னொன்ன நான் மறக்க மாட்டேன். ரெண்டும் தெரிஞ்சிக்குங்க.” பிறகு என் முன்னாலேயே புஷ்பவல்லிக்குப் போன் போட்டார். சாரி அக்கா என்று மூன்று தடவை சொன்னார். திங்கள், புதன், வெள்ளி பழையபடி போய்வரலாம் என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வந்தாள். வந்தது என்னை மன்னித்ததால் இல்லை. மதியம் பன்னிரண்டரைக்கு ஜெயராஜைக் கைப்பிடித்து மாடியிறக்க ஆள் வேண்டும், அதற்காக வந்தாள். ஆணியில் ரொட்டிப் பைகளை மறுபடி மாட்டினாள்.

பிரேமினி ஒரு புதுத் தாள் அடித்துத் தூணில் ஒட்டிவிட்டார், முருகனுக்குப் பக்கத்திலேயே. கவர் மாட்டுவதை இனி ஒருவர் மட்டும் செய்யக் கூடாது. ஒருவர் மாட்ட வேண்டும், ஒருவர் சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பவர் கையெழுத்து இல்லாமல் வண்டி வெளியே போகாது. சரிபார்ப்பவர் என்ற இடத்தில் புஷ்பவல்லி என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு இடது கவர்கள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி ஒட்டினோம். ஒவ்வொன்றிலும் அதே மூன்று கோடு, கீழே பாதி. அவள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். கண்ணாடி காய்கிற நேரத்தில் நான் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். என் கை தன் பாட்டுக்கு இடது கண்ணாடியை நோக்கிப் போயிற்று. அவள் நடுவில் வந்து நின்றாள்.

“கை,” என்றாள்.

நீட்டினேன். ஆல்கஹால் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், பாதி விரலையும் சேர்த்து. புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சுத்தம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

“ஒட்டுங்க.”

மூன்று மாதம் ஆகிறது. ஒரு கவரும் விழவில்லை. வேலைக்கு வேண்டியதை அவள் பேசுகிறாள். நான் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஜெயராஜுக்குத் தையல் பிரித்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னாள். தினமும் காலையில், ஒட்டுகிற வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நான் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கையை நீட்டியபடி அவள் முன்னால் போய் நிற்கிறேன். அவள் என் விரல்களைப் பார்க்கிறாள். நெற்றியைப் பார்ப்பதில்லை.